என் இரண்டெழுத்தைத் தரமாட்டேன்

நான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பிரிவை மூடப்போகிறார்கள். அதற்கு ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கத்துக்கு மிகாமல் "இனிமையான நினைவு" ஒன்றை எழுதி அனுப்ப வேண்டும் என்று மின்னஞ்சல் வந்தது. எனக்கு அங்கே இனிமையான நினைவு கிடையாது. ஒரு சண்டை உண்டு. அது ஒரு பக்கத்தில் அடங்காது, அவர்களுடைய மலருக்கும் ஆகாது. அதனால் நான் முதலில் எழுதப் படித்த மொழியில் இங்கே எழுதுகிறேன்.

அதே மின்னஞ்சலின் அடியில் இன்னொரு உதவியும் கேட்டிருந்தார்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன். என் கோபம் அதிலிருந்து வந்தது.

என் வேலை, பொருளாதார நிபுணர்கள் ஆங்கிலத்தில் எழுதும் அறிக்கைகளைப் பிரெஞ்சில் ஆக்குவது. பாறசாலைக்காரிக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்பூரி மலையில் பிறந்தேன். பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடம், திருவனந்தபுரத்தில் பொருளாதாரம், பிறகு கல்யாணம். கணவர் முந்திரிக்கொட்டை வாங்கும் கம்பெனியில் கணக்கர். அவர்கள் அவரை மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு கடலோர நகரத்துக்கு அனுப்பினார்கள். மீன் சந்தையில் பேரம் பேசிப் பிரெஞ்சு பழகினேன். வகுப்புக்குப் போய் இலக்கணம் படித்தேன். தேர்வு எழுதினேன். பொருளாதாரமும் பிரெஞ்சும் சேர்ந்து தெரிந்த ஆள் அங்கே இருந்த இந்த அலுவலகத்துக்கு அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் எடுத்தார்கள். அவ்வளவுதான்.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "இங்கிலீஷ்ல இருக்கியத எதுக்கு வேற ஒண்ணுல எழுதணும்? அங்க உள்ளவனுக்கு இங்கிலீஷ் தெரியாதா?" என்று என் தம்பி தங்கையன் இன்றைக்கும் கேட்பான். தெரியாது. எங்கள் அறிக்கைகள் போகும் ஆப்பிரிக்க நாடுகளில் மந்திரியிலிருந்து கிராமத்துக் குமாஸ்தா வரை படிப்பது பிரெஞ்சு. நிபுணர் ஆங்கிலத்தில் என்ன எழுதினார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சட்டம் எழுதுவதும், படிவம் அடிப்பதும், கடைசியில் ஒருவன் வந்து "உன் பெயர் இதில் வராது" என்று சொல்வதும் பிரெஞ்சை வைத்துத்தான். அதாவது, நாங்கள் எழுதியதை வைத்து.

எங்கள் பிரிவின் தலைவர் முசியே பெர்ரான் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் மேசையில் ஒரு பச்சைப் பென்சில் மட்டும் இருக்கும். சிவப்பு பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்பார். யார் உள்ளே போனாலும் எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்த பிறகே தானும் உட்காருவார். குரலை உயர்த்தமாட்டார். "தப்பு" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நாம் எழுதிய சொல்லுக்குக் கீழே பச்சையில் ஒரு கோடு போட்டுத் திருப்பித் தருவார். என்ன கோளாறு என்று நாமே கண்டுபிடித்து, அதற்கு மாற்றாக மூன்று சொல் எழுதிக்கொண்டு போக வேண்டும். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், வெளியே பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றையும் சத்தமாக வாசிப்பார். "காது ஒப்பவில்லை, மதாம்" என்றால் மறுபடி மூன்று.

நான் சேர்ந்த புதிதில் என் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, "உங்கள் பிரெஞ்சு மிகச் சுத்தமாக இருக்கிறது, மதாம். விருந்தாளி அடுத்தவர் வீட்டைச் சுத்தமாக வைத்திருப்பதுபோல" என்றார். அதைப் பாராட்டு என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன். பாதி வழியில்தான் உறைத்தது.

ஆனால் வேலை என்றால் என்ன என்று அவரிடம்தான் பார்த்தேன். ஒரு சுவர் முழுக்க மர அலமாரி. அதில் சிறு சிறு இழுப்பறைகள். உள்ளே அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஓர் ஆங்கிலப் பொருளாதாரச் சொல், அதற்குரிய பிரெஞ்சுச் சொல், அது எந்த ஆவணத்திலிருந்து எடுத்தது என்ற மூலம், ஒப்புதல் தந்தவரின் பெயர்ச் சுருக்கம். அட்டை இருந்தால் அந்தச் சொல்லைத்தான் போட வேண்டும். புது அட்டை எழுத வேண்டுமென்றால் இரண்டு பிரெஞ்சு ஆவணங்கள் சாட்சி வேண்டும். மொழிபெயர்ப்பு முடிந்ததும் கடைசிப் பக்கத்தின் அடியில் இரண்டு பேர் தங்கள் பெயர்ச் சுருக்கத்தைப் போட வேண்டும். மொழிபெயர்த்தவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. நான் லீலாபாய். என் இரண்டெழுத்து எல்.பி. இரண்டு பேரும் போடாத தாளைத் தட்டச்சுப் பிரிவு வாங்காது. இந்த விதியை எழுதியது பெர்ரான். தட்டச்சு அறை வாசலில் ஒட்டியதும் அவர்தான்.

அப்படி இருக்கும்போது ரப்பர் அறிக்கை வந்தது. ஒரு நாட்டில் சிறு ரப்பர் தோட்டங்களில் வேலை செய்பவர்களை அரசாங்கம் பதிவு செய்யப்போகிறது. பதிவில் பெயர் வந்தால் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டப் பயிற்சி கிடைக்கும், வெட்டுக்கத்தி கையைக் கிழித்தால் வைத்தியம் கிடைக்கும், தோட்டம் கைமாறினால் கேள்வி கேட்கும் உரிமையும் கிடைக்கும். யார் யாரைப் பதிய வேண்டும் என்று நிபுணர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். தோட்டக்காரர், கூலிக்கு வெட்டுபவர், மூன்றாவதாக, சம்பளம் இல்லாத குடும்பத் தொழிலாளர். புருஷனுடைய தோட்டத்தில், மாமனாருடைய தோட்டத்தில் வெட்டும் பெண்கள் எல்லாம் இந்த மூன்றாவதில் வருவார்கள்.

அலமாரியில் அட்டை இருந்தது. அதில் பிரெஞ்சில் "எய்த் ஃபமிலியால்" என்று இருந்தது. தமிழில் சொன்னால் குடும்ப உதவியாள். அந்த நாட்டுச் சட்டத்தில் தொழிலாளி வேறு, உதவியாள் வேறு. பதிவு தொழிலாளிக்கு மட்டும். அட்டையில் உள்ளதை அப்படியே எடுத்துப் போட்டால், ஆங்கிலத்தில் உள்ளே இருந்த பெண்கள் பிரெஞ்சில் வெளியே போய்விடுவார்கள். நிபுணர் சேர்த்ததை மொழிபெயர்ப்பாளர் நீக்கிவிடுவார். யாருக்கும் தெரியாது.

நான் அட்டையை விட்டுவிட்டு "சம்பளம் இல்லாத குடும்பத் தொழிலாளி" என்று பிரெஞ்சில் எழுதினேன். பச்சைக் கோடு வந்தது. மூன்று மாற்று கேட்பாரே. அதே சொல்லை மூன்று தடவை எழுதிக்கொண்டு போனேன்.

"இது ஒன்றுதானே, மதாம்?"

"என்னிடம் ஒன்றுதான் உண்டு, முசியே."

"அட்டை இருக்கிறது."

"அட்டை தப்பு."

"அட்டைக்கு அந்தச் சொல் ஆகாது. பழையதாக இருக்கலாம்."

"அப்படியானால் பழைய தப்பு."

அவர் கோபப்படவில்லை. பென்சிலை மேசை விளிம்புக்கு நேராக வைத்தார். இரண்டு ஆவணம் கொண்டு வரச் சொன்னார். நூலகத்தில் தேடினேன். கிடைக்கவில்லை. எல்லாப் பிரெஞ்சு ஆவணமும் உதவியாள், உதவியாள் என்றே சொன்னது. ஒருவன் எழுதியதைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து மூன்றாமவன். இதைப் பெர்ரானிடம் சொன்னேன். "ஒருவர் எழுதியதை நூறு பேர் நகல் எடுத்தால் அது நூறு சாட்சியா?"

"ஆம். அதற்கு மரபு என்று பெயர், மதாம்."

அறிக்கையை அந்த நாட்டு அரசாங்கத்தின் முன் வைக்கும் கூட்டம் நெருங்கியது. அவர் என்னை அழைத்து நாற்காலி போட்டு, ஒரு சமாதானம் சொன்னார். அறிக்கையின் பத்திகளில் என் சொல் இருக்கட்டும். பின்னால் வரும் அட்டவணையின் தலைப்பில் மட்டும் அட்டையில் உள்ள சொல் இருக்கட்டும். இதுவரை யாருக்கும் இவ்வளவு விட்டுக்கொடுத்ததில்லை என்றும் சொன்னார். அது உண்மை. வேறு யாராவது என்றால் கையைக் குலுக்கிவிட்டு வந்திருப்பார்கள்.

எனக்கு அம்பூரி ஞாபகம் வந்தது.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது குடிமதிப்புக் கணக்கெடுக்க ஒரு சார் மலையேறி வந்தார். அப்பாவை உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேட்டார். அம்மாவின் பெயர் வந்ததும் என்ன வேலை என்றார். "அவ வீட்டுல சும்மா நிக்கியா" என்றார் அப்பா. அம்மா அப்போது சும்மா நிற்கவில்லை. முற்றத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினைச் சுற்றிக்கொண்டிருந்தாள். விடியும் முன்னே எழுந்து எங்கள் மரம் முழுவதையும் வெட்டி, சிரட்டை சிரட்டையாகப் பாலெடுத்துச் சுமந்து வந்தவள் அவள். அப்பா வெட்டுவது எப்போதாவதுதான்.

அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். "சாரே, சும்மா நிக்கியவளுக்க கைய ஒண்ணு மணத்திப் பாரும்" என்று இரண்டு கையையும் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ரப்பர் பாலும் ஆசிட்டும் சேர்ந்த நாற்றம். சார் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இல்லம்மா, அவரு சொன்னதத்தான் எழுத ஒக்கும்."

"அப்ப எழுதும். நாளைக்கு அவரே வெட்டட்டும்."

மறுநாள் அம்மா மரத்துக்குப் போகவில்லை. அடுக்களைப் படியில் உட்கார்ந்து பலாக்கொட்டை சுரண்டினாள். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ஆழமாக வெட்டி மரத்தின் தோலைக் காயப்படுத்தினார். வெட்டி முடித்துப் பாலெடுக்கத் திரும்புவதற்குள் முதலில் வெட்டிய மரங்களில் பால் சிரட்டையிலேயே உறைந்துவிட்டது. அடுத்த நாள் போகவே இல்லை. "ஏட்டி, பாலு பாழாப் போவுதே" என்று வாசலில் நின்று கெஞ்சினார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாலு மரத்துலயே நிக்கட்டும்" என்றாள்.

கடைசியில் அப்பாவே இறங்கிப் போய் அந்த சாரைத் தேடிப் பிடித்து மறுபடி மலையேற்றிக் கூட்டி வந்தார். சார் தாளை நீட்டி, "இன்னா, எழுதியாச்சு. ரப்பர் வெட்டு. போதுமா?" என்றார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். பார்த்தாள். சார் கட்டத்துக்குள் எழுதவில்லை. தாளின் ஓரத்தில் பொடியாக எழுதியிருந்தார்.

"ஓரத்துல எழுதினத ஆரு வாசிப்பா, சாரே? கள்ளியில எழுதும்."

கள்ளி என்றால் எங்கள் ஊரில் கட்டம். சார் பெருமூச்சு விட்டுக் கட்டத்துக்குள் எழுதினார். அடுத்த நாள் அம்மா கத்தியை எடுத்தாள்.

இதைப் பெர்ரானிடம் சொல்லவில்லை. சொன்னால் சாட்சி ஆவணம் எங்கே என்று கேட்பார். நான் சொன்னது இதுதான்: "முசியே, பத்தியை யாரும் படிப்பதில்லை. அதிகாரி நேராக அட்டவணைக்குப் போவான். தலைப்பைப் பார்த்துப் படிவம் அடிப்பான். அட்டவணையில் இல்லாத சொல் எங்கேயும் இல்லை. உங்களுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்."

"தெரியும்" என்றார் அவர்.

"அப்படியானால் என் இரண்டெழுத்து விழாது."

மொழிபெயர்த்தவர் தவிர வேறொருவர் அந்த இடத்தில் எழுத்துப் போடக் கூடாது என்பதும் அவருடைய விதிதான். அவர் தன் பெயர்ச் சுருக்கத்தைப் போட்டார். பக்கத்தில் என் இடம் காலியாகக் கிடந்தது. கோப்பை எடுத்துக்கொண்டு தானே தட்டச்சு அறைக்கு நடந்தார். அவர் அங்கே போய் நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் போனேன்.

வாசல் மேசையில் அகிஸி இருந்தாள். தாள்களை வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் இளம்பெண். கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்ப்பது அவள் வழக்கம். அவளுடைய சந்தைப் பிரெஞ்சு எனக்கு எங்கள் ஊர்ப் பேச்சாகவே காதில் விழும். அப்படியே எழுதுகிறேன்.

"முசியே, இதுல ஒரு ஆளுக்க எழுத்து இல்லியே."

"தெரியும். தட்டச்சுக்குக் கொடுங்கள்."

"ரெண்டு எழுத்தும் இல்லாத தாள வாங்கப்பிடாதுண்ணு இந்தச் சுவருல ஒட்டியிருக்கே. அது ஆரு எழுதினதாக்கும்?"

"நான்."

"அப்ப நான் நிங்க சொல்லியதக் கேக்கணுமா, நிங்க எழுதினதக் கேக்கணுமா?"

உள்ளே தட்டச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். பெர்ரான் சுவரில் ஒட்டியிருந்த தன்னுடைய தாளை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். பிறகு, "எழுதியதை, மத்முவசேல்" என்று சொல்லிவிட்டு கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு என்னை அழைத்தார். எழுந்து நாற்காலி போட்டார். ஒரு வெற்று அட்டையை எடுத்தார். பென்சிலால் அல்ல, மையால் எழுதினார். ஆங்கிலச் சொல். எதிரே என் பிரெஞ்சுச் சொல். மூலம் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது. பொய்யாக ஓர் ஆவணத்தின் பெயரைப் போடும் ஆள் அல்ல அவர். கொஞ்சம் யோசித்து, "மொழிபெயர்ப்பாளரின் பிடிவாதம்" என்று எழுதினார். தன் பெயர்ச் சுருக்கத்தைப் போட்டார். அட்டவணைத் தலைப்பையும் தன் கையாலேயே திருத்தினார். நான் என் இரண்டெழுத்தைப் போட்டேன்.

"இனிமேல் நீங்கள் விவசாய அறிக்கைகளைத் தொட வேண்டாம், மதாம். வங்கிகள் உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்" என்றார். ஓய்வு பெறும்வரை வட்டி விகிதத்தையும் வாராக்கடனையும் பிரெஞ்சில் எழுதினேன். அது தண்டனைதான். வருந்தவில்லை. பின்னொரு காலத்தில் அந்த நாட்டிலிருந்து வந்த பதிவுப் படிவம் ஒன்றை அகிஸி தூக்கிக்கொண்டு என் அறைக்கு ஓடி வந்தாள். என் சொல் அதில் இருந்தது. ஓரத்தில் அல்ல, கட்டத்தில்.

இனி அந்த மின்னஞ்சலின் அடிப்பகுதி.

இப்போது அங்கே மொழிபெயர்ப்பதெல்லாம் இயந்திரம். அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றிவிட்டார்கள். மூலம் என்ற இடத்தில் ஆவணத்தின் பெயர் இல்லாத அட்டைகளைத் தரமில்லாதவை என்று விலக்கிவிட்டார்கள். பிடிவாதம் ஆவணம் இல்லையாம். இப்போது அதே நாட்டில் முந்திரித் தோட்டங்களுக்குப் பதிவு வரப்போகிறது. இயந்திரம் பழைய சொல்லையே அறிக்கை முழுக்க நிரப்பியிருக்கிறது. உதவியாள், உதவியாள், உதவியாள். ஆனால் மனிதர் ஒருவர் பார்த்துச் சரி என்று பெயர்ச் சுருக்கம் போடாமல் அறிக்கையை வெளியிட முடியாது என்ற விதி மட்டும் இன்னும் இருக்கிறது. பெர்ரான் செத்தும் விதி சாகவில்லை. உங்களுக்கு இந்தத் துறையில் அனுபவம் உண்டே, ஒரு பார்வை பார்த்து உங்கள் இரண்டெழுத்தைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

பார்த்தேன். எல்லா இடத்திலும் மாற்றினேன். அட்டவணைத் தலைப்பை மாற்றப் போனபோது திரை மறுத்தது. அந்த இடம் பூட்டியிருக்கிறதாம். எழுதிக் கேட்டேன். புது அதிகாரி ஒருவர் மிகுந்த மரியாதையுடன் பதில் போட்டார். பத்திகளில் உங்கள் சொல்லை ஏற்றுக்கொள்கிறோம், அட்டவணையில் மட்டும் பழையது இருக்கட்டும் என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. இயந்திரம் என்னவோ புதுசு. சமாதானம் பழசு.

முடியாது என்று எழுதிவிட்டேன். அகிஸி இப்போது அங்கே மேலாளர். அவள் கூப்பிட்டாள். "அக்கா, என்னட்ட ஒண்ணும் கேக்காத. நான் இந்தப் பக்கம் இருக்கேன். ஆனா உனக்க எழுத்து இல்லாம என் மேசையத் தாண்டி அது போவாது. சுவருல ஒட்டின தாள எடுத்துட்டாங்க. நான் எடுக்கல்ல" என்றாள்.

தங்கையன் அம்பூரியிலிருந்து பாறசாலையில் என் வீட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு கொண்டு வந்திருந்தான். அந்த அதிகாரியின் அழைப்பு வந்துகொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"எக்கா, ஒரு சொல்லுக்குக் கெடந்து இந்தச் சாட்டம் சாடுதியே. எழுதிக் குடுத்துட்டு போவியா?"

"எலே தங்கையா, இண்ணைக்கு ரப்பரு ஆரு வெட்டினா?"

"சுமதியாக்கும். எனக்கு முட்டுவலி உண்டுல்லா." சுமதி அவன் மனைவி.

"நேத்து?"

"நேத்தும் அவதான்."

"அவளுக்கு என்ன வேலைண்ணு ஒருத்தன் கேட்டா என்ன சொல்லுவ?"

"என்ன சொல்ல? அவ எனக்கு ஒரு ஒத்தாசை."

"வெட்டியது அவ. பாலெடுக்கியது அவ. ஷீட் அடிக்கியது அவ. நீ கட்டஞ்சாயா குடிச்சிட்டு நிக்கிய. இதுல ஒத்தாசை ஆருலே?"

அவன் மரச்சீனிச் சாக்கை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டான். குனிந்தபடியே, "அம்மைக்க நாக்கு அப்படியே உனக்கு வந்திருக்கு" என்று முணுமுணுத்தான்.

நாக்கு இருக்கட்டும். அம்மாவின் கையும் எனக்கு வேண்டும்.

இதை எழுதும்போதும் போன் அடிக்கிறது. மலருக்குக் கட்டுரை கேட்டா, இரண்டெழுத்து கேட்டா, தெரியவில்லை. கட்டுரை இதோ இருக்கிறது. வேண்டுமென்றால் யாரையாவது வைத்துப் பிரெஞ்சில் ஆக்கிக்கொள்ளட்டும். இரண்டெழுத்து, கட்டத்தில் தொழிலாளி என்று எழுதும் நாளில் வரும். அதுவரை பாலு மரத்துலயே நிக்கட்டும்.